குற்றாலத்துக்குப் பக்கத்துலயே ஒரு சவானா! தென்காசி பொட்டல் காடு உருவானது எப்படி? உடைமரமும் பனையும் தாக்குப்பிடிப்பது எப்படி?

ஜூலை மாதம். குற்றாலம் மெயின் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு தென்காசி வந்து, திருநெல்வேலி ரோட்டில் பஸ் ஏறிப் பாருங்கள். பாவூர்சத்திரம் தாண்டும்போதே சாரல் குறைந்திருக்கும். ஆலங்குளம் வரும்போது மேகம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஒரு சொட்டு விழாது. காத்து மட்டும் ஆளைத் தள்ளும். ஜன்னலுக்கு வெளியே செம்மண், காய்ந்த புல், குடையை விரித்து நட்டுவைத்த மாதிரி முள்மரங்கள், நடுநடுவே ஒத்தைப் பனை, தூரத்தில் சுற்றும் காற்றாலைகள்.

அந்தக் காற்றாலைகளை மட்டும் மறைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்தால், கென்யாவில் எடுத்தது என்று சொன்னாலும் நம்புவார்கள். ஒட்டகச்சிவிங்கிதான் இருக்காது.

நம்மில் பெரும்பாலானவர்கள் இந்த நிலத்தைப் பார்த்ததும் என்ன நினைப்போம்? 'ஒரு காலத்துல பெரிய காடா இருந்திருக்கும், வெட்டி அழிச்சிட்டாங்க, மழையும் இல்ல, அதான் இப்படிக் கிடக்கு'ன்னு. பொட்டல், தரிசு, வெறுங்காடு என்று நாம் வைத்திருக்கும் பெயர்களும் அப்படித்தான். ஆனால் தென்னிந்தியாவின் வறண்ட புல்வெளிகளை ஆராயும் சூழலியலாளர்கள் இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள். இதில் பெரும்பகுதி அழிந்துபோன காடு அல்ல. இதுவே ஒரு முழுமையான இயற்கை அமைப்பு. பெயர் சவானா.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அரசு ஆவணத்தில் ஒரு நிலத்துக்கு என்ன பெயர் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அந்த நிலம் என்ன ஆகும் என்பது முடிவாகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் இது எப்படி உருவானது என்று பார்த்துவிடலாம்.

சவானா என்றால் என்ன?

தரை முழுக்கப் புல். அதன் மேல் சிதறி நிற்கும் மரங்கள். மரங்களின் கிளைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கூரை போல மூடாது, அதனால் வெயில் நேராகத் தரைக்கு வரும். அந்த வெயிலில்தான் புல் வாழும். இவ்வளவுதான் அடிப்படை. காட்டுக்கும் சவானாவுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் மரங்களின் எண்ணிக்கையை விட, தரையில் வெயில் விழுகிறதா, அதில் புல் இருக்கிறதா என்பதுதான்.

ஊட்டி பக்கம் சோலைக்காட்டை ஒட்டி இருக்கும் மலைப் புல்வெளியும் இயற்கையானதுதான். ஆனால் அது குளிர்ப் பிரதேசக் கதை, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முப்பது கிலோமீட்டரில் எப்படி இவ்வளவு மாற்றம்?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலில் இருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் மிச்சம் இருக்காது, இறங்கும்போது சூடும் ஏறும். இதைத்தான் மழை மறைவுப் பிரதேசம் என்கிறோம்.

தென்காசிக்கு இதில் ஒரு ஸ்பெஷல் உண்டு. செங்கோட்டை - ஆரியங்காவு பக்கம் மலைத்தொடரில் ஒரு இடைவெளி. கொல்லம் ரயில் போகிற அதே வழி. அந்த வாசல் வழியாகக் காற்றும் கொஞ்சம் ஈரமும் இந்தப் பக்கம் வருகின்றன. ஈரம் குற்றாலச் சாரலாகச் செலவாகிவிடுகிறது. காற்று மட்டும் சுரண்டை, ஆலங்குளம் என்று கிழக்கே ஓடுகிறது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது இந்த ஊர்க்காரங்களுக்குப் பழமொழி இல்ல, அனுபவம். காற்றாலைக் கம்பெனிகள் இங்கே வந்ததும் அந்தக் காற்றுக்காகத்தான்.

சமவெளிக்கு நிஜ மழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஆண்டு சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருந்தது. (தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்.) மொத்தக் கணக்கில் இது ரொம்பக் குறைவான மழை கிடையாது. ஆனால் அதில் பெரும்பகுதி சில வாரங்களில் விழுந்துவிடும். மிச்ச மாதங்கள் காய்ச்சல். வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருக்கத் தெரிந்த செடிதான் இங்கே நிற்க முடியும்.

நெல்லுக்கும் கம்புக்கும் உள்ள வித்தியாசம்

இந்த நிலத்தில் புல் ஏன் இவ்வளவு வலுவாக இருக்கிறது என்று புரிய, சாப்பாட்டுத் தட்டில் இருந்து தொடங்கலாம். நெல்லும் புல் வகை, கம்பும் புல் வகை. ஆனால் மானாவாரியில் கம்பும் சோளமும் தாங்கும் அளவுக்கு நெல் தாங்காது. காரணம் இலைக்குள் இருக்கிறது.

எல்லாச் செடியும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் உணவு தயாரிக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ருபிஸ்கோ என்று பெயர். அதுக்கு ஒரு கெட்ட பழக்கம். வெயில் ஏறினால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். உழைப்பு வீண். இதைச் சமாளிக்க இலைத் துளைகளை அகலமாகத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். நெல்லுக்கும், ஏறக்குறைய எல்லா மரங்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு.

கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு, அருகம்புல் எல்லாம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டன. கார்பன் டை ஆக்சைடை முதலில் வெளி அறையில் பிடித்து, உள்ளே இருக்கும் தனி அறைக்குள் பம்ப் அடிப்பது போலத் திணித்து, ருபிஸ்கோவுக்கு அங்கே வேலை கொடுக்கின்றன. தவறு நடக்க வாய்ப்புக் குறைவு. துளையையும் ரொம்பத் திறக்க வேண்டாம். இந்த முறைக்கு சி4 என்று பெயர். முதலில் உருவாகும் பொருளில் நான்கு கார்பன் அணுக்கள் இருப்பதால் அந்தப் பெயர். கரும்பில் இது எப்படி நடக்கிறது என்று ஹேட்ச், ஸ்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் ஆஸ்திரேலியாவில் விளக்கினார்கள்.

சி4 புற்கள் முதலில் தோன்றியது சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருந்த காலத்தில். ஆனால் அவை நிலத்தைப் பிடித்தது ரொம்பப் பின்னாடிதான். இமயமலை அடிவாரத்தில் உள்ள சிவாலிக் படிவுகளின் பழைய மண்ணில் கார்பன் வகைகளைப் பிரித்துப் பார்த்ததில், சுமார் 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதி சி4 புல்வெளியாக மாறியது தெரிந்தது. அதாவது தெற்காசியாவில் வெப்பமண்டலப் புல்வெளி என்பது மனிதன் தோன்றுவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய விஷயம். 'மனுஷன் காட்டை வெட்டினதாலதான் புல்வெளி வந்துச்சு' என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை.

மரங்கள் ஏன் மூடவில்லை?

800 மில்லிமீட்டர் மழை என்பது மரங்கள் இன்னும் நெருக்கமாக வளரப் போதுமே, ஏன் வளரவில்லை? பெங்களூரு என்.சி.பி.எஸ். நிறுவனத்தின் மகேஷ் சங்கரனும் பல நாட்டு ஆய்வாளர்களும் ஆப்பிரிக்காவில் 854 இடங்களின் விவரங்களை அலசி 2005ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், தண்ணீரே மரங்களைக் கட்டுப்படுத்திவிடும். அதற்கு மேலே போனால், மரங்கள் மூடிக்கொள்ளாமல் தடுக்க வேறு ஏதாவது வேண்டும். தீ, அல்லது மேயும் விலங்குகள். ஆப்பிரிக்கக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது, மண்ணும் மழைக்காலமும் வேறு. ஆனாலும் கேள்வி பொருத்தமானது.

காய்ந்த புல் நல்ல எரிபொருள். தீ வேகமாக ஓடிவிடும், தரைக்குக் கீழே சூடு இறங்காது. புல்லின் உயிர்முடிச்சு தரையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பதால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். இடுப்பு உயர மரக்கன்றுக்கு உயிர்முடிச்சு கிளை நுனியில். அது கருகிவிடும். வேரில் இருந்து மறுபடி முளைக்கும், மறுபடி கருகும். தீயை மீறி உயரும் வரை அந்தக் கன்று குட்டையாகவே கிடக்கும். உலகில் தீயே இல்லாவிட்டால் அடர்காடுகளின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று 2005ல் பாண்ட், உட்வேர்ட், மிட்ஜ்லி ஆகியோர் கணினி மாதிரி மூலம் கணக்கிட்டார்கள்.

ஆலங்குளம், சங்கரன்கோவில் சமவெளியில் இன்று தீயை விட மேய்ச்சலுக்குத்தான் பங்கு அதிகம். மான்கள் செய்த வேலையை ஆடுகள் செய்கின்றன. அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போடும் மந்தைகள், பகலில் இந்தப் பொட்டலில்தான் வயிறு நிறைக்கின்றன. ரொம்ப மேய்த்தால் புல் போய்விடும், மேய்ச்சலே இல்லாவிட்டால் புதர் ஏறிவிடும். நடுவில் எங்கேயோ இருக்கிறது சவானா.

உடைமரம் எப்படித் தாங்குகிறது?

பஸ்ஸில் இருந்து பார்த்த அந்தக் குடை மரம்தான் உடைமரம், குடைவேல் என்றும் சொல்வார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் மரம் இது. ஆப்பிரிக்கக் குடை வேலுக்குச் சொந்தக்காரன், ஆனால் வேறு இனம். சீமைக் கருவேலம் என்று நினைத்து இதையும் சேர்த்து வெட்டுபவர்கள் உண்டு. தலை தட்டையாக, விரித்த குடை மாதிரி இருந்தால் அது நம்மூர் மரம்.

இதன் இலை ஒன்றும் இலை மாதிரியே இருக்காது. பொடிப்பொடியான சிற்றிலைகள். பெரிய இலை வெயிலில் சூடாகித் தண்ணீரை இழக்கும், சின்ன இலை காற்றிலேயே ஆறிவிடும். நீளமான வெள்ளை முள்ளும், கொக்கி மாதிரிக் குட்டை முள்ளும் ஆட்டின் வேகத்தைக் குறைக்கும். தடுக்காது, குறைக்கும். வேரில் உள்ள முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை உரமாக்கித் தரும். அதனால் ஏழை மண்ணிலும் பிழைப்பு ஓடும்.

இலையை முள் வைத்துக் காக்கும் இதே மரம், காயை ஆட்டுக்குத் தானாகவே கொடுக்கிறது. கோடையில் வேறு தீனி இல்லாத நேரத்தில் நெற்று பழுக்கும். ஆடு மேய்ப்பவர்கள் துரட்டியால் உலுக்கிப் போடுவார்கள். ஆடு நெற்றைத் தின்று, கடினமான விதையைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து போய்ப் புழுக்கையோடு போடும். உரமும் அதிலேயே.

அப்புறம் பனை. தமிழ்நாட்டின் மாநில மரம். பனங்கிழங்கு சாப்பிடாதவர்கள் இருக்க மாட்டீர்கள், அது ஏன் பூமிக்குள் வளர்கிறது என்று யோசித்ததுண்டா? மற்ற விதைகள் முளைத்ததும் குருத்தை மேலே அனுப்பும். பனங்கொட்டை தலைகீழ். முதலில் ஒரு தண்டு மாதிரியான குழாயை மண்ணுக்குள் இறக்குகிறது, வளரும் குருத்தையே அதன் வழியாக ஆழத்துக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே உணவைச் சேர்த்துக்கொண்டு, அப்புறம்தான் இலையை மேலே விடும். மேலே தீ ஓடினாலும், வெயில் காய்ச்சினாலும், ஆடு கடித்தாலும் உயிர் பத்திரம். நாம் அவித்துத் தின்பது அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைத்தான்! வடலி பல வருஷம் தண்டே இல்லாமல் இலையாக மட்டும் நிற்பதும் அதனால்தான், முதலில் கீழே கட்டிக்கொள்கிறது. வளர்ந்த பனையும் தீக்கு லேசில் அசராது. சாதாரண மரத்துக்கு உயிரான வளர்திசு பட்டைக்கு அடியிலேயே வளையமாக இருக்கும், தீ சுற்றிச் சுட்டால் கதை முடிந்தது. பனைக்கு அப்படி வளையமே கிடையாது. நீரைக் கடத்தும் நார்கள் தண்டு முழுக்கப் பரவி இருக்கின்றன.

மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும் கூட்டம் இன்னும் பெரியது. மாநில மலரான செங்காந்தள், தண்ணீர்விட்டான் கிழங்கு, நிலப்பனை எல்லாம் கோடையில் தரைக்கு மேல் அடையாளமே இல்லாமல் இருக்கும். மழை விழுந்ததும் கிழங்கில் இருந்து எழுந்து வரும். மார்ச்சில் வந்து பார்த்துவிட்டு 'இங்க ஒண்ணுமே இல்ல' என்று எழுதிக்கொண்டு போகும் அதிகாரி, பாதிச் செடிகளைப் பார்க்கவே இல்லை.

பிரண்டைக்கும் கள்ளிக்கும் தனி வழி. சதைப்பற்றான தண்டில் தண்ணீரைச் சேமிப்பதோடு, வெயில் இல்லாத இரவில் இலைத் துளையைத் திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொள்கின்றன. வேட்டியில் குத்தி எரிச்சலைக் கிளப்பும் ஊசிப்புல்லும் சாதாரணமில்லை. விதையின் வால், ஈரம் பட்டால் ஒரு பக்கம் முறுக்கும், காய்ந்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். அப்படியே திருகாணி போல விதையை மண்ணுக்குள் இறக்கிவிடும். கொழுக்கட்டைப்புல் ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் பல வருஷம் அதே தூரில் இருந்து தழைக்கும்.

முல்லை நிலம் சொல்லும் சாட்சி

பள்ளிக்கூடத்தில் 'முல்லை - காடும் காடு சார்ந்த இடமும்' என்று படித்திருப்போம். அதைப் படித்ததும் அடர்ந்த காட்டைக் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் தென்காசி, கோவில்பட்டி பக்கம் 'காட்டுக்குப் போறேன்' என்றால் புஞ்சைக்குப் போகிறேன் என்று அர்த்தம். திறந்த மேட்டு நிலம்தான் இங்கே காடு.

சங்கப் பாடல்களின் முல்லை நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மாடு மேய்க்கும் ஆயர்கள். கார்காலத்தில் பூக்கும் கொன்றை, பிடவம், காயா, குருந்து. முறுக்கிய கொம்புள்ள இரலை மான். இரலை என்பது புல்வாய், வெளிமான் என்றும் பெயர். பெயரிலேயே வெளி இருக்கிறது. அடர்காட்டில் அது வாழாது, ஓடுவதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். இன்றும் திருநெல்வேலி - தூத்துக்குடி சாலையில் வல்லநாட்டில் அதற்காகவே 16 சதுர கிலோமீட்டரில் ஒரு சரணாலயம் உண்டு, 1987ல் அறிவிக்கப்பட்டது. ஆக, முல்லைப் பாடல்கள் வரையும் நிலம் நமக்குத் தெரிந்த இந்த உடைமரக் காட்டுக்கு ரொம்பவே நெருக்கம். பாட்டை நில அளவை ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் மகாராஷ்டிராவில் பழைய மராத்தி இலக்கியத்தில் வரும் செடிகளை வைத்து, அந்த வறண்ட நிலம் பல நூற்றாண்டுகளாகவே சவானாதான் என்று காட்டும் ஆய்வு 2025ல் வந்திருக்கிறது. தமிழில் அதற்கான சரக்கு இதைவிடப் பழையது.

எதிர்ச் சாட்சியும் நம்மிடமே இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. வறண்ட நிலம் என்றால் கெட்டுப்போன நிலம் என்ற எண்ணம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது மட்டும் இல்லை போல.

2016ல் விசிறித்தொண்டை ஓணான்களில் புதிய இனங்களைக் கண்டறிந்தபோது, தமிழகத்தைச் சேர்ந்த இரண்டுக்கு ஆய்வாளர்கள் வைத்த அறிவியல் பெயர்கள் 'விசிறி', 'மருதம்நெய்தல்'. 'ஒண்ணுமில்லாத' திறந்தவெளி மண்ணில் ஓடித்திரியும் ஓணான்கள்தான் அவை.

'தரிசு' என்ற ஒரு சொல்

இப்போது பெயர் விஷயத்துக்கு வரலாம். நிலத்தை வரி கொடுக்கும் நிலம், கொடுக்காத நிலம் என்று பிரித்தது பிரிட்டிஷ் வருவாய் முறை. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்ற சொற்கள் இன்றும் கிராமக் கணக்கில் இருக்கின்றன. வரி வராத புல்வெளி தரிசுக் கணக்கில் போனது. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடமும் புதர் நிலங்களைத் தரிசாகவே எண்ணுகிறது.

காடு கணக்கு இதற்கு நேர் எதிர். இந்திய வன அளவை நிறுவனத்தின் முறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பில் மரக்கூரை 10 சதவீதம் இருந்தாலே அது வனப்பரப்பு. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. அதனால் தென்னந்தோப்பும் வனப்பரப்பில் வரலாம். உடைமரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் பழைய புல்வெளி, புதர் என்று ஒதுங்கிவிடும்.

எம்.டி. மதுசூதன், அபி தமீம் வனக் ஆகியோர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வறண்ட பகுதிகளின் திறந்தவெளி இயற்கை நிலங்களை வரைபடமாக்கினார்கள். இந்திய நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம், 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதில் சரணாலயம், தேசியப் பூங்கா என்று பாதுகாப்பில் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு.

பாதுகாப்பு இல்லாத 'காலி' நிலம் என்றால் என்ன நடக்கும்? சோலார் பேனலுக்கு முதல் சாய்ஸ் அதுதான். காற்றாலையின் கீழே ஆடு மேயலாம், பேனலை வரிசையாகப் போர்த்திய நிலத்தில் பழைய புல் அப்படியே இருக்காது. 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் இன்னொரு பக்கம் மூடிக்கொண்டு வருகிறது. அதன் அடர்நிழலில் புல் வளராது.

மூன்றாவது, நல்ல எண்ணத்தோடு வருவது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக்குவது. ஊருக்குள், ரோட்டோரம், வயல் வரப்பில், சிதைந்த வன நிலத்தில் மரம் நடுவது வேறு. பல நூறு வருஷப் புல்தூர் உள்ள பொட்டலைக் குழி தோண்டிக் கன்று நடுவது வேறு. அங்கே கன்று பிழைக்காவிட்டால் பணம் வீண், பிழைத்து நிழல் கட்டினால் புல் வீண். புல்வெளி தன் கார்பனில் பெரும்பகுதியை மண்ணுக்குள், வேரில்தான் வைத்திருக்கிறது. உழுது புரட்டினால் அதுவும் வெளியேறும்.

அதற்காக எல்லாப் பொட்டலும் ஆதிகாலச் சவானா என்று சொல்லிவிட முடியாது. உழுது விட்ட புஞ்சை, மண் அள்ளிய இடம், நிஜமாகவே வெட்டப்பட்ட மலையடிவாரக் காடு எல்லாம் இதே மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் செடிகளில் இருக்கிறது. பல்லாண்டுப் புல்தூர், கிழங்குச் செடிகள், முதிர்ந்த உடைமரம் சேர்ந்து இருந்தால் அது பழைய நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை முளைத்துச் சாகும் களை மட்டும் இருந்தால், அண்மையில் யாரோ புரட்டிய நிலம்.

உங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பது?

கிராமக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை உண்டு, ஊர் மாடு ஆடு மேய்வதற்கு என்றே ஒதுக்கியது. தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். உங்கள் ஊர்ப் பொட்டல் அதில் மேய்க்காலா, தீர்வை ஏற்படாத தரிசா என்று போனிலேயே பார்த்துவிடலாம். நிலத்தை நேரில் பார்க்க சரியான நேரம் நவம்பர் கடைசி. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் நல்ல மழை விழுந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தால் புல் முழங்கால் உயரம் இருக்கும், வேலியோரத்தில் செங்காந்தள் ஏறியிருக்கும். சீசன் முடிந்துவிட்டதால் குற்றாலத்திலும் அப்போது ஜூலைக் கூட்டம் இருக்காது.